நாலாம் நம்பர் மெஷினுக்குச் சாமி வந்த கதை

நல்ல காதுள்ள ஒரு மனிதரை நான் காது டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது அனுப்பும்போதே எனக்குத் தெரியும். எழுபத்தாறு வயதில் இதை உட்கார்ந்து எழுதக் காரணம், எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் சிரிக்க வேண்டிய இடத்தில் நன்றாகச் சிரித்துவிட்டு, நான் தலைகுனிய வேண்டிய இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரியவர் மனம் நோகக் கூடாதாம். எனக்கென்னவோ அந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும் என்று தோன்றுகிறது.

நான் வேதியியலில் முதுகலை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருபத்தெட்டு வருடம் ஷேடு பார்த்தவன். வெளிநாட்டுக்காரர் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும், நாங்கள் சாயம் ஏற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை. அதற்கு லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, வீட்டு பல்புக்கு ஒரு விளக்கு. பகல் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டு துணிகள், மஞ்சள் பல்பைப் போட்டதும் சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள் போலப் பிரிந்து நிற்கும். எல்லா விளக்கிலும் ஒன்றாகத் தெரிந்தால்தான் பாஸ்.

இந்த வேலையை இத்தனை காலம் பார்த்தால் ஒரு வியாதி வரும். கண்தான் உலகத்தின் கடைசி நீதிமன்றம் என்று தோன்றிவிடும். (ஒரு கல்யாணத்தில் மணமக்கள் பொருத்தம் எப்படி என்று கேட்டவரிடம், மாப்பிள்ளையின் துண்டுக்கரை பெண்ணின் புடவையைவிட அரை ஷேடு மங்கல் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த என் மனைவி வசந்தாமணியிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.)

இரண்டாயிரத்தைத் தாண்டி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். வீட்டுக்கு வீடு டி.வி.டி. பிளேயர் வந்துவிட்டது. அதற்கும் ஒரு படி மேலே ஏறியவர்கள் ஹோம் தியேட்டர் வைத்தார்கள். பெங்களூரில் வேலையில் இருந்த மகன் வாங்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தான். நான் லேபுக்கு இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

"முன்னாடி வெக்கற மூணும் ஒரே கம்பெனி, ஒரே செட்டா எடுத்துக்கோங்க சார். படத்துல ஒரு கார் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகுதுன்னு வெச்சுக்கங்க. மூணு ஸ்பீக்கர்லயும் அதே காராத்தான் போகோணும். நடுவுல வேற காரா மாறக் கூடாதுங்க."

"அது சரிங்க. அந்த நடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளிய எடுத்துட்டு வாங்க, வெயில்ல பாத்தர்லாம்."

"வெயில்லயா சார்?"

வெயிலில் பார்த்தோம். எங்கள் வீட்டு ஷோகேஸிலிருந்து பெயர்த்து எடுத்துப் போயிருந்த தேக்குச் சில்லு என் சட்டைப் பையில் இருந்தது. அதை நடு ஸ்பீக்கரின் மேல் வைத்தேன். "பாருங்க, இதுல சிவப்பு ஏறியிருக்குது."

"சார், சத்தத்தைக் கேட்டுப் பாருங்க..."

"சத்தம் எல்லாத்துலயும் வருமுங்க. ஊட்டுக்கு வர்றவங்க மொதல்ல எதப் பாப்பாங்க, சொல்லுங்க?"

பார்க்கத்தான் பார்ப்பார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்த வெயிலில் அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அத்தோடு நான் விடவில்லை. தெரிந்தவர் என்ற உரிமையில் ஏழெட்டு ஸ்பீக்கர்களைக் காரில் ஏற்றி லேபுக்கே கொண்டுபோய், ஒவ்வொன்றாக லைட் பாக்ஸுக்குள் நுழைத்துப் பார்த்தேன். துணி வைக்கிற பெட்டிக்குள் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்த அழகைப் பார்க்க டையிங் மாஸ்டர் முதல் பாய்லர்காரர் வரை வந்துவிட்டுப் போனார்கள். மூன்று விளக்கிலும் பாஸான ஐந்து ஸ்பீக்கர்கள் தேறின. மூன்று கம்பெனிச் சரக்கு. ஆனால் நிறத்தில் ஐந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்த ஐந்தையும் அன்று நான் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மிச்சம் ஊஃபர். அடித்தொண்டைச் சத்தம் மட்டும் போடுகிற, கால் மூட்டை அரிசி கனம் இருக்கும் கறுப்புப் பெட்டி. கறுப்புதானே என்று வாங்கி வந்துவிட்டேன். சாயக்காரனுக்குக் கறுப்பைப் போல எமன் வேறு கிடையாது, அது தெரிந்தும் ஏமாந்தேன். வீட்டு வெளிச்சத்தில் டி.வி. நீலம் ஓடிய கறுப்பாகவும், ஊஃபர் செம்மை ஓடிய கறுப்பாகவும் தெரிந்தன. என்னால் சோறு தின்ன முடியவில்லை. கடைசியில் ஊஃபரை யார் கண்ணிலும் படாதபடி ஷோகேஸுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலைச் சந்தில் தள்ளி, முதுகு சுவரில் ஒட்டும்படி செருகிவிட்டேன்.

அந்தச் சுவர்தான் இந்தக் கதை.

திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டியே குழந்தைசாமி என்பவரின் நிட்டிங் யூனிட். ஆறு வட்ட மெஷின்கள். மேலே நூல் கோன்கள் சுற்ற, கீழே பனியன் துணி குழாய் போல இறங்கிக்கொண்டே இருக்கும். அவருக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்த உறுமல் எங்களுக்குப் பழகிப்போய், மெஷின் நின்றால்தான் தூக்கம் கலையும்.

அங்கே ஃபிட்டராக இருந்தவர் செபஸ்தியான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இருபது வருடம் ஆனவர். ஆறு மெஷின் இரைச்சலுக்கு நடுவே நின்று, ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளில் ஒன்று உடைந்தால், துணியில் கோடு விழும் முன்பே கையைத் தூக்கி "நிப்பாட்டு" என்பார். திருப்புளியின் முனையை மெஷினின் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மற்ற யூனிட்காரர்களும் வண்டி அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். அந்தக் காதுதான் அவருடைய படிப்பு, பட்டம், பிழைப்பு எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் முதல் காட்சி. குண்டடத்திலிருந்து வசந்தாமணியின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். படத்தில் ஒரு ரயில் பாலத்தின் மேல் வந்தது. ஊஃபரின் திருகு முழுக்கத் திருப்பியிருந்தது. (முழுசாகக் கொடுத்து வாங்கிவிட்டுப் பாதி கேட்பானேன் என்பது என் கொள்கை.) தரை அதிர்ந்தது. ஷோகேஸ் கண்ணாடி கிடுகிடுத்தது. மச்சான் சோபாக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னங் மாப்ள இது, நெஞ்சுக்குழிக்குள்ள பூந்து அடிக்குதுங்க!"

"அதுதானுங் மச்சான் டெக்னாலஜி," என்றேன், அதை நானே கண்டுபிடித்தவன் போல.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பர் மெஷின் நின்றது எனக்குத் தெரியாது. சுவரை ஒட்டி நிற்கும் மெஷின் அது. அவசர ஆர்டர், ஞாயிறும் ஓட்டம். மெஷினின் அடிக்கட்டையிலிருந்து ஒரு குத்தல் வருகிறது, பேரிங் போகப்போகிறது என்று செபஸ்தியான் நிறுத்திவிட்டார். மெஷினைப் பிரித்தார்கள். பேரிங் புதுசு போல இருந்தது. பூட்டி ஓட்டினார்கள். நன்றாக ஓடியது, ஏனென்றால் நாங்கள் பலகாரம் சாப்பிடப் போய்விட்டோம்.

திங்கட்கிழமை, மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்த மூலனூர்ச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மூன்று மணிக்குக் காட்சி. மூன்றே காலுக்கு நாலாம் நம்பர் நின்றது. செவ்வாய்க்கிழமை என் பெரியம்மா மகன் குடும்பம். மூன்றே காலுக்கு நாலாம் நம்பர் நின்றது. அன்று சாயங்காலம் குழந்தைசாமியே தட்டில் பொரியும் தேங்காய் மூடியும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எடுத்துக்கங்க சார். மிஷினுக்குப் பூசை போட்டமுங்க. தெனம் மூணு மணிக்குக் கரெக்டா அதுக்குச் சாமி வருதுங்க. பூசணிக்காயும் சுத்தி ஒடச்சாச்சு."

நான் பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவர் போனதும் வசந்தாமணி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றபடி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூணு மணிக்குத்தானுங்க நம்ம ஊட்டுலயும் படம் போடறோம்?"

"அதுக்கு?"

"அந்த மூலைச் செவுத்துல கை வெச்சுப் பாருங்களேன், படம் ஓடறப்ப."

"ஒரு டன் எடை இரும்பு மெஷின். அதை ஒரு மரப்பெட்டி ஆட்டுமா? நான் எம்.எஸ்ஸி., வசந்தா."

"அது மெஷினுக்குத் தெரியோணுமே," என்றாள்.

புதன்கிழமை அவள் கோவிலுக்குப் போனபோது தனியாகப் படத்தைப் போட்டுவிட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுவர் மாடு மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உறவெல்லாம் வந்து வாய் பிளந்துவிட்டுப் போன சாமானைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று படத்தை மட்டும் நிறுத்தினேன். வந்த உறவினர்களிடம் ரிமோட் ரிப்பேர் என்றேன்.

மறுநாள் காலை குழந்தைசாமி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"சார், நீங்க படிச்சவரு. ஒரு யோசனை சொல்லுங்க. மிஷின் நேத்துச் சாயங்காலத்துல இருந்து நல்லாத்தான் ஓடுது. கோளாறு மிஷின்ல இல்லீங்க, செபஸ்தியான் காதுலன்னு நெனைக்கறனுங்க. இல்லாத சத்தம் கேக்குது அந்த மனுசனுக்கு. நாலு நாள்ல மூணு தடவ மிஷினைப் பிரிச்சு, ஆர்டர் தள்ளிப் போயிருச்சு. பெருமாநல்லூர்ல இருந்து வேற ஃபிட்டரைத் திங்கக்கெழம வரச் சொல்லலாம்னு இருக்கறனுங்க."

இங்கேதான் எங்கள் வீட்டார் தாண்டிப் போகிற இடம் வருகிறது. நான் சொன்னது இது:

"அவசரப்படாதீங்க. மொதல்ல ஒரு காது டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க."

கரிசனமான குரலில் சொன்னேன். குழந்தைசாமி, "நல்ல யோசனைங்க சார்" என்று நன்றி வேறு சொன்னார். அன்று முழுக்க அந்த நன்றி என் தொண்டையில் மீன் முள் போல நின்றது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் செபஸ்தியான் நின்றார். கையில் ஒரு கவர். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. சோபாவில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தார்.

"சார், ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்லா. இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. டாக்டரு என்னமோ சொன்னாரு, எனக்கு வெளங்கல. என் காது கேக்குதா, இல்லியா?"

பரிசோதனைத் தாளை வாங்கினேன். ஒரு வரைபடம். இரண்டு காதுக்கும் இரண்டு கோடுகள், தாளின் உச்சியிலேயே. கோடு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்ல காது. அடிச் சத்தத்தின் பக்கம் கோடு கட்டத்துக்கு வெளியே போகப் பார்த்தது. அந்த வயதில், இருபது வருடம் மெஷின் நடுவில் நின்ற மனிதருக்கு அப்படி ஒரு காது இருக்க முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருக்கவே அவர் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"பரவால்ல சார், சொல்லுங்க. எனக்கே சந்தேகம் வந்துட்டு. ரோட்டுல ஹாரன் அடிச்சா, நெசமாவே அடிக்கானா, இல்ல எனக்கு மட்டுந்தான் கேக்குதான்னு நின்னு பாக்கேன். வீட்டுல பிள்ள அப்பான்னு கூப்பிட்டா, ரெண்டாவது தடவ கூப்பிடட்டும்னு இருக்கேன். காது போனா ஃபிட்டர் வேல இல்ல சார். கோன் மாட்டிக்கிட்டுத்தான் நிக்கணும்."

வசந்தாமணி காப்பி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. என் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து படத்தைப் போட்டேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ரயில் பாலத்தின் மேல் ஏறியது. செபஸ்தியான் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எழுந்து நேராக மூலைக்குப் போனார். நான் மறைத்து வைத்திருந்த ஊஃபரை அவர் பார்க்கவேயில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"இதான்," என்றார் மெதுவாக. "சார், இதான் அது. அந்த மூணு நாளும் எனக்குக் கேட்டது இதான்."

"ஆமாங்க. எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அது காதிலேயே விழவில்லை போல. முகம் சின்னப்பிள்ளை முகம் போல மலர்ந்துகிடந்தது. "அப்ப என் காது சரிதான?" என்றார். "நல்லா இருக்குதுங்க. டாக்டர் காதைவிட நல்லா இருக்குது," என்றேன். அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகுதான் புதன்கிழமை என்ற சொல் அவருக்கு எட்டியது.

"புதன்கெழமையேவா? அப்ப டாக்டர்கிட்டப் போகச் சொன்னது நீங்கன்னு முதலாளி சொன்னாரே?"

"நான்தானுங்க."

காலி டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா படிச்சிருக்கீய சார்," என்றார்.  பிறகு, "வாங்க, முதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்றார்.

போனேன். யூனிட்டில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆட்கள் முன்னால் குழந்தைசாமியிடம் சொன்னேன். நின்ற மெஷின்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. குழந்தைசாமி நம்பவில்லை. "சும்மா இருங்க சார், அந்தாளு பாவம்னு நீங்க பழிய ஏத்துக்கறீங்க" என்றார். என்னை நல்லவன் என்று அவர் நம்பியதைவிட எனக்குப் பெரிய தண்டனை அன்று இல்லை. யூனிட்டுக்குள் நின்றபடியே சுவரைப் பார்த்து, "வசந்தா, ரயிலைப் போடு!" என்று கத்தினேன்.

செபஸ்தியான் முதலாளியின் கையைப் பிடித்து, நின்றுகொண்டிருந்த நாலாம் நம்பர் மெஷினின் காலில் வைத்தார். ஐந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு குழந்தைசாமியின் கண்கள் விரிந்தன.

"அட சாமீ! உள்ள ரயில் போகுதுங்க!"

ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். பீகார்க்காரர் ஒருவர் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். எல்லாரும் கோவிலில் நிற்பது போல நின்றார்கள். நானும் வைத்தேன். ஒரு டன் இரும்புக்குள் மிக மெல்லிதாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நடுக்கம். எல்லாம் அணைந்து அமைதியாக இருக்கும்போதே எனக்கு இவ்வளவுதான் தட்டுப்பட்டது. ஆறு மெஷினும் ஓடும்போது, அந்த இரைச்சல் காட்டுக்குள், இந்த மனிதர் இதைப் பிரித்து எடுத்திருக்கிறார். 

"அப்ப நான் ஒடச்ச பூசணிக்கா?" என்றார் குழந்தைசாமி. யூனிட்டே சிரித்தது. பெருமாநல்லூர் ஃபிட்டரை வர வேண்டாம் என்று அங்கேயே போன் போட்டுச் சொன்னார். பிறகு செபஸ்தியானின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் செபஸ்தியானே திரும்ப வந்தார். "சார், ஒண்ணு சொல்லட்டா? காலையிலயே சொல்ல நெனச்சேன். ஒங்க செட்டு சரியில்ல." நான் படத்தைப் போட, டி.வி.க்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு காதால் மட்டும் கேட்டார். "நடுவுல உள்ளவன் வேற வீட்டுக்காரன். ஒரே ஆளு நடந்துபோகையில நடுவுல வந்ததும் தொண்ட மாறுது. பின்னால எடப்பக்கம் உள்ளவன் மூச்ச உள்ள இழுக்கான், மத்தவன்லாம் வெளிய விடுதான்." பார்த்தால் அந்த ஸ்பீக்கரில் நான் ஒயர் இரண்டையும் மாற்றிச் சொருகியிருந்தேன். கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னதை இவர் பெட்டியைப் பார்க்காமலே சொன்னார். லைட் பாக்ஸில் பாஸான நடு ஸ்பீக்கர் திங்கட்கிழமை கடைக்குத் திரும்பிப் போய், சிவப்பு ஏறியது வந்து உட்கார்ந்தது. முன்பக்கத்தில் இருந்த மற்ற இரண்டும் அடுத்த மாதம் அதே கம்பெனி ஜோடிகளாக மாறின. ஊஃபரை மூலையிலிருந்து இழுத்து, நடு வீட்டில், எல்லார் கண்ணிலும் படும்படி, யூனிட்டிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட்டை மடித்து அடியில் கொடுத்து உட்கார வைத்தார். திருகைக் கால்வாசிக்குக் குறைத்தார்.

எல்லாம் பொருந்தி அமைந்த பிறகு, படத்தில் மழை வரும் இடத்தைப் போட்டோம். பத்துத் தடவை பார்த்த மழை. இதுவரை அது வெறும் இரைச்சல். இப்போது தகரத்தில் விழுகிற மழை ஓரிடத்திலும், மண்ணில் விழுகிற மழை வேறிடத்திலும் கேட்டது. எங்கோ தூரத்தில் இடி உருண்டு, எங்களைத் தாண்டி, சமையலறைப் பக்கமாகப் போய் அடங்கியது. வசந்தாமணி எழுந்து கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டாள். வாசல் வரை போய் வெயிலைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபத்தெட்டு வருடமாக நான் நம்பிய ஒரே உறுப்பை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு, படம் போடும் முன் யூனிட்டில் போய்ச் சொல்லிவிட்டு வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஊஃபர் இடம் மாறியதால் சொல்ல அவசியமே இல்லை. ஆனாலும் சொன்னேன். மூலனூரிலிருந்து புதிதாக வந்த மருமகள், இந்த ஊரில் வீட்டில் படம் பார்க்கப் பக்கத்துக் கம்பெனியில் அனுமதி வாங்க வேண்டும் போல என்று ஆறு மாதம் நம்பியிருக்கிறாள். குழந்தைசாமி பெரிய ஷெட் கட்டி ஊருக்கு வெளியே போய்ப் பல வருடம் ஆகிறது. செபஸ்தியான் அங்கே தலைமை ஃபிட்டர். இப்போதும் பேரப்பிள்ளைகள் படத்தைத் தயாராக வைத்துவிட்டு, "தாத்தா, இன்னும் போன் பண்ணலையா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் போனை எடுப்பேன்.

"செபஸ்தியான், படம் போடட்டுங்களா?"

பின்னால் முப்பது மெஷின் இரையும்.  அவர் முதலில் எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும்.

"போடுங்க சார். இன்னைக்கு நாங்க மிஷின நிப்பாட்ட மாட்டோம்."